குழந்தை யார் கையில் இருக்கிறது? திரைவிமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

திரைவிமர்சனம் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஒரு படம் பார்த்து முடித்தால் அன்றிரவே அதைப் பற்றி நீங்கள் எழுதியதைத் தேடிப் படிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. என் கண்ணில் படாத எத்தனையோ விஷயங்களை உங்கள் எழுத்துதான் எனக்கு எடுத்துக் காட்டியிருக்கிறது. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு படத்தின் விமர்சனங்களைப் படித்த பிறகு மட்டும் எனக்கு மனசு ஆறவே இல்லை.

பெல்ஜியத்தின் டார்டென் சகோதரர்கள் எடுத்த ‘லான்ஃபான்’தான் அந்தப் படம். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் குழந்தை என்று பொருள். 2005 கான் திரைப்பட விழாவில் இயக்குநர் எமிர் குஸ்துரிகா தலைமையிலான நடுவர் குழு, விழாவின் மிக உயர்ந்த விருதான தங்கப்பனையை இதற்குக் கொடுத்தது. 1999இல் ‘ரொசெட்டா’வுக்கு வாங்கியதற்குப் பிறகு, அண்ணன் தம்பி இருவருக்கும் அது இரண்டாவது தங்கப்பனை. அதனால் பாராட்டு போதவில்லை என்று நான் வருத்தப்பட வழியே இல்லை. பாராட்டியவர்களும் சரி, குறை சொன்னவர்களும் சரி, முக்கியமான இடத்தில் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அதுதான் என் வருத்தம்.

படத்தைப் பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் கதையைச் சொல்லிவிடுகிறேன். சோனியாவுக்கு 18 வயது, புரூனோவுக்கு 20. குழந்தை ஜிம்மி பிறந்து ஒன்பதே நாள். மருத்துவமனையிலிருந்து குழந்தையோடு வந்து சோனியா தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள். அவள் பிரசவத்துக்குப் போன நேரத்தில் புரூனோ அந்த வீட்டை உள்வாடகைக்கு விட்டிருக்கிறான். சின்னச் சின்னத் திருட்டு, கைக்கு வந்ததை அன்றைக்கே விற்பது, வந்த காசை அன்றைக்கே தீர்ப்பது, இதுதான் அவன் பிழைப்பு. ஒரு நாள் குழந்தையையும் விற்றுவிடுகிறான். விஷயம் தெரிந்து சோனியா மயங்கி விழுந்ததும், பதறிப் போய் மீட்டுக்கொண்டு வருகிறான். மீட்டதே கடனாகி, கடனுக்காக இன்னொரு திருட்டு நடந்து, கூடப் போன சின்னப் பையன் பிடிபடுகிறான். அப்புறம் புரூனோ தானே போய்ச் சரணடைகிறான். மொத்தம் 95 நிமிடம்.

இதில் ஒரு காட்சி. உதவித்தொகை வாங்குகிற வரிசையில் சோனியா நிற்கிறாள். குழந்தையை ஒரு சுற்று அழைத்துப் போய் வருகிறேன் என்கிறான் புரூனோ. சரி என்று அனுப்பிவைக்கிறாள். அவன் குழந்தையை விற்பது அப்போதுதான். இந்த இடத்தைப் பற்றித்தான் நான் படித்த விமர்சனங்களில் திரும்பத் திரும்ப ஒரு குறை வந்தது. இப்படிப்பட்டவனை நம்பி ஒரு தாய் பச்சைக் குழந்தையைக் கொடுப்பாளா, கதையை நகர்த்துவதற்காக வலிந்து வைத்த காட்சி, நம்பும்படியாக இல்லை என்று.

நான் 19 வயதில் தாயானவள். என் மகளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். தையல் போட்ட இடம் இன்னும் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தது. இடது கையில் குழந்தை, வலது கையில் காகிதங்கள். உட்கார இடமில்லை. வரிசை நகரும்போது முதலில் எந்தக் காலை எடுத்து வைப்பது என்றுகூட யோசித்து வைக்க வேண்டியிருந்தது. பால் கட்டி ரவிக்கை நனைய ஆரம்பித்தது. என் முறை வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒரு படிவத்தைத் தள்ளி, கையெழுத்து போடுங்கள் என்றார். போடுவதற்கு என்னிடம் கை இல்லை.

என் கணவர் பக்கத்தில் நின்றார். அவருக்கும் அப்போது 21தான். எந்த வேலையிலும் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க மாட்டார். அதற்கு முந்தைய வாரம்தான் வீட்டில் இருந்த கடைசிப் பணத்தை யாருக்கோ கடன் கொடுத்துத் தொலைத்திருந்தார். அவரிடம் குழந்தையை நீட்டினேன். வெளியே காற்றாடக் கொண்டுபோகிறேன் என்று கிளம்பிவிட்டார். திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த இருபது நிமிடமும் நான் குழந்தையை நினைக்கவில்லை. என் இடது முழங்கையில் துண்டின் மடிப்பு அழுந்திச் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே நின்றேன். அவரை நம்பியா கொடுத்தேன்? கை வலித்தது, கொடுத்தேன்.

இந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. படமே அதைக் கொடுத்துவிடுகிறது. முதல் காட்சியிலிருந்து சோனியா குழந்தையைச் சுமக்கிறாள். மாடிப்படி ஏறுகிறாள், இறங்குகிறாள், வண்டிகள் பறக்கிற சாலையைக் கடக்கிறாள், புரூனோவைத் தேடி ஊரெல்லாம் அலைகிறாள். கேமரா அவள் தோளை விட்டு விலகுவதே இல்லை. அந்த வரிசைக்கு வந்து சேருவதற்குள் நம் கையும் கனத்துப் போயிருக்க வேண்டும். நம்பமுடியவில்லை என்று எழுதியவர்கள் அதுவரை அவள் கைகளைப் பார்த்தார்களா என்பதுதான் என் கேள்வி.

குழந்தையை விற்கும் காட்சியும் உங்கள் எழுத்தில் பெரும்பாலும் ஒரே வாக்கியமாக முடிந்துபோகிறது. திரையில் அது எப்படி நடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஆளில்லாத ஒரு குடியிருப்பு. புரூனோ தன் ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் விரிக்கிறான். அதன் மேல் குழந்தையைக் கிடத்துகிறான். பக்கத்து அறைக்குப் போய்க் காத்திருக்கிறான். வாங்க வருகிறவர்களின் முகம் நமக்குக் காட்டப்படுவதில்லை, சத்தம் மட்டும்தான். அப்புறம் பணம். அப்புறம் அவன் காலியான தள்ளுவண்டியைத் தெருவில் தள்ளிக்கொண்டு வருகிறான். சோனியா கேட்கும்போது, இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்கிறான்.

வெறும் தரையில் கிடத்த மனம் வராமல் ஜாக்கெட்டை விரிக்கிறவன்தான் அடுத்த நிமிடமே பிள்ளையை விற்கிறான். இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பதில்தான் இந்தப் படத்தின் உயிரே இருக்கிறது. அவனை மிருகம் என்று எழுதிய விமர்சனங்களில் ஜாக்கெட் இல்லை. வறுமை அவனை அப்படி ஆக்கிவிட்டது என்று இரங்கிய விமர்சனங்களில், கையில் காசு வந்தவுடன் சோனியாவுக்குத் தன்னுடையதைப் போலவே ஒரு ஜாக்கெட் வாங்குகிறவனும், சும்மா சுற்றுவதற்குத் திறந்த கார் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறவனும் இல்லை. அவன் கையில் காசு வந்துகொண்டேதான் இருக்கிறது, நிற்பதில்லை. எதையுமே தன்னிடம் வைத்துக்கொள்ளத் தெரியாத ஒருவன் கையில் ஒன்பது நாள் குழந்தை வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் படம் பார்க்கிறது.

தலைப்பில் உள்ள குழந்தை உண்மையில் புரூனோதான் என்று எழுதாதவர்கள் உங்களில் குறைவு. தப்பில்லை. சேற்றுக் காலோடு சுவரில் எட்டி உதைத்து, தடம் எவ்வளவு உயரத்தில் விழுகிறது என்று பார்க்கிறவனை வேறு எப்படிச் சொல்வது? ஆனால் அந்த ஒரு வரியோடு கட்டுரை முடிந்துபோகும்போது எனக்கு வலிக்கிறது. சோனியாவும் ஆரம்பத்தில் அவனோடு ஓடிப்பிடித்து விளையாடுகிறவள்தானே. அவள் எப்போது விளையாட்டை நிறுத்தினாள், யார் நிறுத்தச் சொன்னது, நிறுத்தியதில் அவளுக்கு என்னென்ன போனது? இதை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். புரூனோவைக் குழந்தையாக்கிய அதே கட்டுரைகள் 18 வயதுப் பெண்ணை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பெரியவளாக்கிவிட்டன. சோனியாவாக நடித்த டெபோரா ஃபிரான்சுவாவுக்கு இதுதான் முதல் படம். புரூனோவாக நடித்த ஜெரெமி ரெனியேவின் நடிப்பை நீங்கள் அலசியதில் பாதியாவது அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கலாம்.

ஆவணப்படம் போல இருக்கிறது என்கிற பாராட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சகோதரர்கள் 1970களில் ஆவணப்படங்களில் தொடங்கியவர்கள்தான். ஆனால் இவர்களுடைய கதைப்படங்களில் தானாக அமைந்தது என்று ஒன்றும் கிடையாது. படப்பிடிப்புக்கு முன் வாரக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். கதை நடக்கிற வரிசையிலேயே படம் பிடிப்பார்கள். ஒரு சின்ன அசைவு சரியாக வரும்வரை மறுபடி மறுபடி எடுப்பார்கள். இந்தப் படத்தில் பின்னணி இசையும் கிடையாது. ஏதோ கேமராவைத் திறந்து வைத்தார்கள், வாழ்க்கை வந்து விழுந்தது என்பது போல எழுதினால் அந்த உழைப்பு மறைந்துபோகிறது.

இந்தப் படம் எங்கிருந்து பிறந்தது என்பதை இயக்குநர்களே சொல்லியிருக்கிறார்கள். செராங் அவர்களுடைய பழைய எஃகுத் தொழில் நகரம். அங்கே முந்தைய படத்துக்கான படப்பிடிப்பு நடந்தபோது, ஓர் இளம்பெண் தூங்குகிற குழந்தையோடு தள்ளுவண்டியை முரட்டுத்தனமாகத் தள்ளிக்கொண்டு தெருவில் மேலும் கீழும் போய்வருவதைப் பார்த்திருக்கிறார்கள். காலையில் பார்த்தவளே மாலையிலும் வந்தாளாம். இந்தக் குழந்தையின் தகப்பன் எங்கே என்று யோசித்ததுதான் கதையாயிற்று. ஒரு பெண் வண்டியைத் தள்ளிய விதத்திலிருந்து வந்த படம் இது. அதைப் பற்றி எழுதும்போது நாமும் வண்டி எப்படித் தள்ளப்படுகிறது என்று பார்க்க வேண்டாமா?

முடிவைப் பற்றி நிறைய எழுதிவிட்டீர்கள். சிறையில் சோனியா பார்க்க வருகிறாள், காபி வாங்கி வைக்கிறாள், புரூனோ ஜிம்மியைப் பற்றி விசாரிக்கிறான், உடைந்து அழுகிறான், அவளும் அழுகிறாள். சிலருக்கு இந்த மன்னிப்பு சீக்கிரம் வந்துவிட்டதாகத் தோன்றியது. வேறு பலருக்கு பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸோனின் 1959ஆம் ஆண்டுப் படமான ‘பிக்பாக்கெட்’ நினைவுக்கு வந்தது. அதுவும் சிறைச் சந்திப்போடு முடிகிற படம்தான், ஒப்பிடுவது நியாயம். எனக்கு அந்தக் காட்சியில் வேறொன்று உறுத்துகிறது. சோனியா தனியாக வந்திருக்கிறாள். அந்த நேரத்தில் ஜிம்மி யார் கையில் இருக்கிறான்? அவனை யாரிடமோ கொடுத்துவிட்டுத்தான் அவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். முன்பு ஒருமுறை கொடுத்துவிட்டு என்ன ஆனது என்று தெரிந்தவள், மறுபடியும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறாள். அவள் அழுகையில் அதுவும் இருக்காதா?

சகோதரர்கள் 2025இல் வந்த தங்கள் படத்தில் மறுபடியும் இளம் தாய்மார்களிடமே வந்திருக்கிறார்கள். பெல்ஜியத்தின் லீஜ் பகுதியில் இளம் தாய்மார்களுக்கான ஒரு காப்பகம், அங்கே சில பெண்கள். கான் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருது அதற்குக் கிடைத்தது. அதில் ஆரியான் என்ற பெண் தன் குழந்தையை ஒரு வளர்ப்புக் குடும்பத்திடம் ஒப்படைக்க நினைக்கிறாள். நானே வளர்க்கிறேன் என்று அவளுடைய அம்மா மல்லுக்கட்டுகிறாள். அந்தப் படத்தைப் பற்றி இன்னும் எழுதப்போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். தியாகம் என்றோ, கல்நெஞ்சம் என்றோ எழுதுவதற்கு முன்னால், அவள் குழந்தையை எப்படித் தூக்கி வைத்திருந்தாள், கொடுத்த பிறகு அந்தக் கைகள் என்ன செய்தன என்று எனக்கு இரண்டு வரி சொல்லுங்கள். படத்தை இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னாலும் சரி, காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகி ஒருத்தி