ஒரு வருட முன்பணத்தை ஏன் வேண்டாம் என்கிறோம்: விளம்பரம் தருபவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பயணச் சலுகைகளை வெளியிடும் எங்கள் தளத்திலும் மின்னஞ்சலிலும் விளம்பரம் செய்யும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வந்த விடுதி உரிமையாளர் ஒருவர், "நன்றாக வளர்ந்து வருகிறீர்கள். ஒரு வருடப் பணத்தையும் இப்போதே கட்டிவிடுகிறேன், கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நாங்கள் மூன்று மாதத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டோம். அவருக்குச் சொன்ன காரணத்தை உங்கள் எல்லோருக்கும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பயணம் என்பது ஒரே நாளில் நின்றுபோகக்கூடியது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பலால் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பல நாள் விமானங்கள் பறக்கவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது, உலக அளவில் நாடு விட்டு நாடு போகும் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கை 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அறைகள் காலியாகும்போது ஒரு விடுதி முதலில் நிறுத்துவது விளம்பரச் செலவைத்தான். அது நியாயமும்கூட. ஆனால் எங்கள் வருமானம் முழுவதும் அந்தச் செலவிலிருந்துதான் வருகிறது. பெயரும் வயதும் இருந்தால் தாங்கிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. 1841இல் தொடங்கிய பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனமான தாமஸ் குக் 2019 செப்டம்பரில் மூடப்பட்டபோது, சுமார் 1,50,000 பிரிட்டிஷ் பயணிகள் வெளிநாடுகளில் இருந்தார்கள். எங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் ஒரு வருடப் பணம் எங்களிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அடுத்தது தேடுபொறி. எங்கள் தளத்துக்குப் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் கூகுளில் எதையோ தேடித்தான் வருகிறார்கள். அதே கூகுள் 2011இலிருந்து விமானக் கட்டணங்களைத் தானே காட்டுகிறது, விடுதி விலைகளையும் காட்டுகிறது. இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கமான பதிலும் பக்கத்தின் உச்சியிலேயே வந்துவிடுகிறது. கீழே இருக்கும் எங்கள் இணைப்புவரை வர வேண்டிய தேவையே பலருக்கு இல்லை. இதில் எங்கள் கையில் பெரிதாக எதுவும் இல்லை.

எங்கள் கையில் இருப்பது மின்னஞ்சல் பட்டியல். "எனக்குச் சலுகைகளை அனுப்புங்கள்" என்று தாங்களாகவே பெயர் கொடுத்தவர்கள் அதில் இருக்கிறார்கள். உண்மையில் நீங்கள் பணம் தருவது அவர்களின் கவனத்துக்குத்தான். அதற்கும் இப்போது ஆபத்து வந்திருக்கிறது, அது வெளியிலிருந்து மட்டும் வரவில்லை.

2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக மடல் அனுப்புபவர்களுக்கான விதிகளை இறுக்கிவிட்டன. ஸ்பேம் (வேண்டாத மடல்) என்று வரும் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் அந்தப் பொத்தானை அழுத்தினாலே சிக்கல். சில மாதங்களுக்கு முன் எங்களுக்கே இது நடந்தது. ஒரு விளம்பரதாரர் மிகக் குறைந்த விலையில் அறை என்றார். நாங்களும் விசாரிக்காமல் பட்டியல் முழுவதற்கும் அனுப்பினோம். அந்த விலைக்கு இருந்தவை ஐந்தே அறைகள். மற்றவர்கள் கிளிக் செய்து உள்ளே போனால் வேறு விலை. கோபத்தில் ஸ்பேம் பொத்தானை அழுத்தினார்கள். அடுத்த வாரம் போன மடல்கள் பலருடைய ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்தன. அந்த மடல்களில் இருந்தவை வேறு விடுதிகளின் நேர்மையான சலுகைகள். ஒரு தவறும் செய்யாதவர்கள் நஷ்டப்பட்டார்கள். பிழை எங்களுடையது, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, அந்த வாரத்துக்கான பணத்தையும் திருப்பிக் கொடுத்தோம்.

அதனால்தான் இப்போது இவ்வளவு கேள்வி கேட்கிறோம். அந்த விலைக்கு எத்தனை அறை, எந்தெந்தத் தேதி, வரி சேர்ந்ததா சேராததா என்று எழுதித் தர வேண்டும். அனுப்பும் நாள் காலையில் நாங்களே முன்பதிவுப் பக்கம்வரை போய்ப் பார்ப்போம். விலை மாறியிருந்தால் மடல் போகாது. இது உங்களில் சிலருக்கு எரிச்சலாக இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அப்புறம், உங்களுக்கு அனுப்பும் அறிக்கையில் "எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள்" என்ற வரியை எடுத்துவிட்டோம். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த ஒரு வசதி, படிப்பவர் மடலைத் தொடாவிட்டாலும் அதிலுள்ள படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுகிறது. படம் இறங்குவதை வைத்துத்தான் திறப்பை எண்ணுகிறார்கள் என்பதால், அதுவும் "திறந்ததாக" எண்ணிக்கையில் ஏறிவிடுகிறது. அந்தப் பெரிய எண்ணைக் காட்டி உங்களிடம் பணம் வாங்க எங்களுக்கு மனமில்லை. இனி கிளிக்கும், அதிலிருந்து வந்த விசாரணைகளும் மட்டும் இருக்கும்.

வளர்ச்சியிலும் ஆபத்து உண்டு. புதிய நாட்டில் இறங்கினால் ஊழியர், மொழிபெயர்ப்பு என்று செலவு முதலில் வரும், வாசகர்கள் பின்னால்தான் வருவார்கள். சட்டமும் மாறும். ஐரோப்பாவில் தனிநபர் தகவல் விதிகளைக் கடுமையாக மீறினால் உலகளாவிய ஆண்டு விற்றுவரவில் 4 சதவீதம்வரை அபராதம் விதிக்கலாம். சிறிய நிறுவனங்களுக்கு 2 கோடி யூரோவரை போகலாம். அதனால் இந்த வருடம் புதிய நாடு எதுவும் இல்லை.

ஏற்கெனவே ஒரு வருடப் பணம் கட்டியவர்கள் மீதி மாதங்களுக்கான தொகையைத் திரும்பப் பெறலாம். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், உங்கள் ஒப்பந்த எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள். உங்கள் விளம்பரப் பணம் மொத்தத்தையும் எங்களிடமே போடவும் வேண்டாம். உங்களிடம் ஒருமுறை தங்கிப்போன விருந்தினர்களுக்கு நீங்களே எழுதுங்கள். அந்த முகவரிப் பட்டியலை எப்படித் தொகுப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை எழுதுவது என்று கேட்டால், கட்டணம் இல்லாமல் சொல்லித் தருகிறோம்.

இப்படிக்கு,
விளம்பரப் பிரிவு