கல்லுப் பாக்கக் கடல் கடத்தி விட்ட எங்கட ஆக்களுக்கு

விசுவமடுவில இருக்கிற உங்கள் எல்லாருக்கும், லண்டன் சித்தப்பாவுக்கும், அரியலூர்ல எங்களத் தாங்கின சனத்துக்கும் சேத்துத்தான் இத எழுதுறன். வீடு வீடா வந்து நன்றி சொல்லோணும் எண்டு நினைச்சனான், எக்ஸாம் விடுதில்ல.

கம்பஸில தமிழ்நாட்டுக்கு ஜியோலொஜி ஃபீல்ட் ட்ரிப் எண்டவுடன, செலவு எங்கட கையால எண்டதால நான் பேரே குடுக்கேல்ல. அத அம்மா சொல்லி மாமிக்குத் தெரிய வந்து, மாமி தன்ர சீட்டுக்காச அப்பிடியே தூக்கித் தந்தா, "கல்லுப் பாக்கவோ பிள்ள கடல் தாண்டிப் போறாய்" எண்டு கேட்டுக்கொண்டு. பூட்ஸ் சித்தப்பா அனுப்பினது. வான் அண்ணா விடியமுன்னம் காங்கேசன்துறைக் கப்பலடியில இறக்கிவிட்டவர், டீசல் காசு கூட வாங்கேல்ல.

ஓம் மாமி, கல்லுப் பாக்கத்தான். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூர்ல 18 மீற்றர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகி ஓடைக்குள்ள படுத்துக் கிடக்கு, 1940இல எம். எஸ். கிருஷ்ணன் எண்ட ஜியோலொஜிஸ்ட் கண்டது, கிட்டப் போனா மரத்தின்ர கணு கூடத் தெரியுது. காரையில மழை அரிச்ச செம்மண் பள்ளங்களுக்குள்ள நடக்கேக்க ஆடு மேய்ச்சுக்கொண்டு நிண்ட ஐயா ஒருத்தர் தானாவே வந்து, இஞ்ச பாருங்க எண்டு சுருண்ட அம்மோனைட் அச்சு ஒண்டக் காட்டினார், டைனோசர் காலத்துக் கடல்ப்பிராணி, உள்ளங்கையளவுதான் இருக்கும். எடுக்கேல்ல, படம்தான். அந்த ஐயான்ர வீட்டில குடிச்ச மோரையும் மறக்கமாட்டன்.

கடைசி நாள் சென்னையில பரங்கிமலை. அங்க இருக்கிறது சார்னோக்கைட் எண்ட கல்லு. கல்கத்தாவில ஜோப் சார்னொக் எண்ட கிழக்கிந்தியக் கம்பனிக்காரரின்ர கல்லறைக்கு வச்ச கல்லும் இதுதான், அத ஆராய்ஞ்சு ஹொலண்ட் எண்ட ஜியோலொஜிஸ்ட் 1893இல அவற்ற பேரையே கல்லுக்கு வச்சவர். உடைச்ச துண்டு கறுப்பா, எண்ணெய் பூசின மாதிரி மினுங்கிச்சு, லென்ஸ வச்சுப் பாத்தா குவார்ட்ஸ் நீலமாத் தெரிஞ்சுது. எனக்கு அம்மம்மான்ர அம்மிதான் ஞாபகம் வந்திச்சு, இடம்பெயரேக்க கிணத்தடியில விட்டிட்டு வந்தமே, அது. இந்த இனக் கல்லு எங்கட வவுனியாப் பக்கமும் இருக்கு, அந்தப் பாறைத் தொகுதிக்குப் பேரே வன்னித் தொகுதி. பரங்கிமலைக் கல்லுக்கு வயசு நல்லாக் கூட. ஆனா ஒருகாலம் இந்தியாவும் நாங்களும் கொண்ட்வானா எண்ட பழைய பெருங்கண்டத்தில ஒட்டிக்கொண்டு கிடந்த நிலம் எண்டு புத்தகத்தில படிச்சத அண்டைக்குத்தான் கையால தொட்டுப் பாத்தன், அந்தத் தொடுகை நீங்கள் எல்லாரும் தந்தது.

மாமி, காசு ஆவணிக்குள்ள கொண்டு வந்து தருவன். எக்ஸாம் முடிஞ்சு வாற ஞாயிறு வாசிகசாலையில படங்கள் காட்டுறன், சின்னப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, லென்ஸும் கொண்டு வருவன்.