செயலாளர் ஆண்டறிக்கை: ஓர் அத்தியாயமும் ஒரு சூரியப் பாயும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

விண்வெளித் தேடலைப் போற்றும் ஒரு தொலைக்காட்சித் தொடர் அத்தியாயத்தைத் திரையிட்டு, அதையொட்டிப் பட்டறை நடத்துவது என்று சென்ற பொதுக்குழு முடிவு செய்திருந்தது. பேச்சு எடுத்ததும் பலர் சொன்னது ‘ஸ்டார் ட்ரெக்: வாயேஜர்’ தொடரின் ‘ஒன் ஸ்மால் ஸ்டெப்’ (1999). செவ்வாய்ப் பயணத்தில் காணாமல்போன விண்வெளி வீரரைப் பற்றிய உருக்கமான அத்தியாயம்தான். ஆனால் பட்டறையில் கையால் செய்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை. எனவே ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையின் இன்னொரு தொடரான ‘டீப் ஸ்பேஸ் நைன்’ மூன்றாம் சீசனில், 1995 மே மாதம் ஒளிபரப்பான ‘எக்ஸ்ப்ளோரர்ஸ்’ தேர்வாயிற்று.

தொடரின் நாயகன் கமாண்டர் சிஸ்கோ, பஜோர் என்ற கற்பனைக் கோளின் 800 ஆண்டுப் பழமையான வரைபடத்தைப் பார்த்து ஒரு சூரியப் பாய்க்கப்பலை, அதாவது மெல்லிய அகன்ற பாயைச் சூரிய ஒளி தள்ள ஓடும் விண்கலத்தை, தாமே கட்டுகிறார். பழங்கால பஜோரியர்கள் கார்டாசியா என்ற வேற்றுக்கோள் வரை இப்படிப் போயிருக்க முடியும் என்று காட்ட, மகன் ஜேக்குடன் கிளம்புகிறார். டாக்கியான் (ஒளியை மிஞ்சி ஓடுவதாகக் கருதப்படும் கற்பனைத் துகள்) சுழல் பாயில் மோதி, கப்பல் ஒளியை மிஞ்சி ஓடுவது முழுக் கற்பனை. இருவரும் மிதக்காமல் நடக்கக் கப்பலின் தரையில் ஈர்ப்பு வலை பொருத்திவிட்டதாக வரும் வசனம் படப்பிடிப்பின் வசதிக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அதை மன்னித்துவிடலாம்.

ஒளி தள்ளும் என்பது மட்டும் கற்பனை அல்ல. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கணக்கில் சொன்னதை ரஷ்ய இயற்பியலாளர் லெபடெவ் 1900ஆம் ஆண்டையொட்டிய சோதனைகளில் அளந்து காட்டினார். பூமியின் தொலைவில், நேராக விழும் வெயில் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற பரப்பைச் சதுர மீட்டருக்குச் சுமார் 9 மைக்ரோநியூட்டன் தள்ளும். கறுப்புப் பரப்பில் ஒளி திரும்பாமல் உறிஞ்சப்படுவதால் அதில் பாதிதான். பாயைச் சாய்த்தால் விசையின் திசை மாறும், அளவும் குறையும். பக்கவாட்டு உந்தம் அதிகம் கிடைப்பது ஏறக்குறைய 35 பாகைச் சாய்வில். பூமியைச் சுற்றும் பாய் மேலேற, சூரியனை நோக்கி வரும் பாதியில் அதற்கு விளிம்பைக் காட்ட வேண்டும், விலகிப் போகும் பாதியில் முகத்தைக் காட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் சுற்றுப்பாதை தாழும்.

திரையிடலுக்குப் பின் வெற்றிடக் குமிழுக்குள் சுழலும் கறுப்பு வெள்ளைத் தகடுகளை ஒளி அழுத்தத்துக்குச் சான்றாகக் காட்டலாம் என்று யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று. ஒளி அழுத்தம் பளபளக்கும் பக்கத்தைத்தான் அதிகம் தள்ள வேண்டும், அந்தக் கருவியிலோ கறுப்புப் பக்கம் பின்வாங்குகிறது. குமிழுக்குள் மிச்சமிருக்கும் காற்றும் வெப்பமும் செய்யும் வேலை அது.

அத்தியாயத்தில் நமக்கு மிகவும் பிடித்தது, பாயைக் கையால் சுழற்றி விரிக்கும் காட்சி. உண்மையான பாய்களுக்கும் சிக்கல் அங்கேதான். பட்டறை முழுக்க அதற்கே செலவாயிற்று.

பாயின் மாதிரிக்கு 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனுள்ள அவசரகாலப் போர்வைத் தாள், பாயை இழுத்து விரிக்கும் கைகளாக ஒரு மீட்டர் நீள ஸ்டீல் அளவு டேப் நான்கு. தாளை ஒரே சதுரமாக வைக்காமல் 96 செ.மீ. பக்கமுள்ள நான்கு செங்கோண முக்கோணங்களாக வெட்டினோம். ஒன்று கிழிந்தாலும் மற்ற மூன்றும் தப்பும். விளிம்பு முழுக்க ஒட்டுநாடா மடித்து ஒட்டாவிட்டால் சின்னக் கீறலும் மறுவிளிம்பு வரை ஓடும். மூலைகளில் மட்டும் கட்ட வேண்டும். கைமுனையில் மெல்லிய ஸ்பிரிங் தேவை, இல்லையென்றால் ஒரு கை சற்று முந்தினாலும் மூலை பிய்ந்துவிடும். விசிறி மடிப்பு போட்டு, நடு உருளையைச் சுற்றிச் சுருட்ட வேண்டும். மடிப்புகளுக்கிடையே சிக்கும் காற்று வெளியேற ஊசித்துளைகள் அவசியம். விண்ணில் ராக்கெட் ஏறும்போது வெளியழுத்தம் சட்டென்று குறைவதால், அடைபட்ட காற்று தாளை உப்ப வைத்துவிடும்.

நான்கு டேப்பும் ஒரே உருளையில் சேர்ந்து சுற்றப்பட்டால்தான் சமமாக வெளிவரும். முதல் மாதிரி இங்கேதான் கெட்டது. முனையில் தாள் இழுத்ததும் டேப் வெளியே தள்ளாமல், பெட்டிக்குள்ளேயே சுருள் தளர்ந்து உப்பிச் சிக்கிக்கொண்டது. உருளையைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த சிறு அழுத்துருளைகளைப் பொருத்தியதும் சரியாயிற்று. வறண்ட நாளில் தாள் நிலைமின்னால் ஒட்டிக்கொள்வது தனித் தொல்லை.

பாயின் பரப்பு சுமார் 1.8 சதுர மீட்டர், தாளின் எடை சுமார் 31 கிராம். அதன்மேல் வெயில் செலுத்தும் விசை 1.7 மில்லிகிராம் எடைக்குச் சமம். அதாவது எடையில் ஏறக்குறைய பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே மாதிரி ‘ஓடவில்லையே’ என்ற கேள்விக்கு இடமில்லை. அது விரிந்ததா என்பதே சோதனை. இரண்டாவது மாதிரி வழுவழுப்பான மேசையில் முழுதாக விரிந்தது.

விண்ணில் பறந்தவற்றையும் உரையரங்கில் அலசினோம். ஜப்பானின் இகாரோஸ் (2010) கைகளே இல்லாமல், நான்கு மூலையிலும் சிறு எடை வைத்து, சுழன்றே விரிந்தது. அதன் 7.5 மைக்ரான் பாயின் பக்கம் 14 மீட்டர். அளந்த உந்துவிசை 1.12 மில்லிநியூட்டன். நாசாவின் நானோசெயில்-டி2 தன்னைச் சுமந்துசென்ற செயற்கைக்கோளிலிருந்து 2010 டிசம்பரில் வெளிவரவில்லை. 2011 ஜனவரியில் தானாகவே வெளிவந்தது. அமெரிக்காவின் பிளானட்டரி சொசைட்டி அமைப்பு அனுப்பிய லைட்செயில்-1 (2015) இல் ஒரு கணினிக் கோப்பு அளவுமீறி வளர்ந்து கணினி உறைந்துபோயிற்று. லைட்செயில்-2 (2019) இன் பாய் 32 சதுர மீட்டர், மொத்த எடை 5 கிலோ. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை 90 பாகை திரும்பியே பாதையின் உச்சியை உயர்த்தியது. ஆனால் சுமார் 720 கி.மீ. உயரத்திலும் மெல்லிய காற்றின் இழுப்பு விடவில்லை. 2022 நவம்பரில் எரிந்து விழுந்தது. இதில் எதிலும் ஒளி ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்கக் கோருகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். அடுத்த ஆண்டுக்கு இரண்டு பரிந்துரைகள்: ஸ்டீல் டேப்புக்குப் பதிலாகக் கார்பன் இழைக் கைகள், மோட்டார் கொண்டு உருளையைச் சுழற்றும் முறை. சிஸ்கோவைப் போலக் கையால் சுழற்றும்போது வேகம் ஒரே சீராக இருப்பதில்லை, மூலைகள் பிய்வதற்குப் பாதிக் காரணம் அதுவே. இவ்விரண்டையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்