வாலிபர் ஐக்கிய சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

சங்கத்தின் தலைவரும் சேகரகுருவுமாகிய (சபைப் போதகராகிய) ஐயரவர்களுக்கும், ஐயரம்மா அவர்களுக்கும், சேகரக் கமிட்டியின் பெரியோர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கையர் அனைவருக்கும் நம் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துதல்கள். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நம் பாளையங்கோட்டைச் சபையின் வாலிபர் சங்கத்தைக் கிருபையாய் நடத்திய தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்தி இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கு நடந்த வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்புகளில் நம் வாலிபர்கள் பாட்டும் நடிப்பும் கற்றுக்கொடுத்து உதவினார்கள். வாலிபர் ஞாயிறு ஆராதனை வழக்கம்போல் நடந்தது. பிரதிஷ்டைப் பண்டிகையின் அசனத்தில் (பொது விருந்தில்) பந்தி பரிமாறும் பொறுப்பு நம்முடையதாக இருந்தது. சோறு போதவில்லை என்ற குறை இவ்வாண்டு எழவில்லை. செப்டம்பர் 27ஆம் தேதி, 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதை நினைவுகூர்ந்து ஜெபக்கூட்டம் நடத்தப்பட்டது. டிசம்பர் நடுவில் பெய்த கனமழையால் கிறிஸ்துமஸ் கேரல் பவனி சில தெருக்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டுப் பின்னர் நிறைவு செய்யப்பட்டது. மேற்கண்டவை யாவும் கூட்டக் குறிப்பேட்டில் இருப்பதால், இவ்வாண்டில் உண்மையாகவே புதிதாக நடந்த ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

நம் சங்கத்தில் சனிக்கிழமை மாலை வேதபாட வகுப்பு நெடுங்காலமாக உண்டு. பேச்சாளர் ஒருவர் வருவார், முக்கால் மணி நேரம் பேசுவார், நாம் கேட்டுக்கொண்டிருந்து ஜெபித்துக் கலைவோம். பேசியவர்கள் நன்றாகவே பேசினார்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில், பவுல் நெடுநேரம் பிரசங்கித்தபோது ஐத்திகு என்னும் வாலிபன் தூங்கிச் சாய்ந்து மூன்றாம் மெத்தையிலிருந்து விழுந்ததாக வாசிக்கிறோம். பவுலாவது உடனே இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். நம் வகுப்பில் தூங்கியவர்களோ விழுவதற்குப் பதிலாக வராமலே நின்றுவிட்டார்கள், அவர்களைத் தேடி ஒருவரும் போகவில்லை. ஆகவே பேச்சாளரை அழைக்கும் வழக்கத்தைச் சில மாதங்களுக்கு நிறுத்திவைத்து, ஆறு முதல் எட்டுப் பேர் வரை கொண்ட குழுக்களாக அமர்ந்து, வேதபகுதியை வாசித்து, கேள்விகளின் வழியாகக் கலந்துரையாடும் முறையைத் தொடங்குவது என்று மே மாதத்துக்கு முன்னரே செயற்குழு தீர்மானித்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான் என்பதால், அதன் பலனுக்கு விளக்கம் சொல்லவேண்டிய கடமையும் எனக்கு உண்டு.

முதலில் ரூத் புத்தகத்தை எடுத்துக்கொண்டோம். நான்கு அதிகாரங்கள், 85 வசனங்கள், மே மாதத்தின் நான்கு சனிக்கிழமைகளுக்குச் சரியாக இருந்தது. பெத்லகேமுக்குத் திரும்பிய நகோமி, தான் நிறைவுள்ளவளாய்ப் போனதாகவும் வெறுமையாய்த் திரும்பி வந்ததாகவும் ஊராரிடம் சொல்லுகிறாள். அவளை விட்டுப் பிரியமாட்டேன் என்று கூடவே வந்த மருமகள் அருகில் நிற்கும்போது அப்படிச் சொன்னாளே, அதைக் கேட்ட ரூத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அன்றைய கேள்வித்தாளில் இருந்த ஒரு கேள்வி. அதுவரை நம் கூட்டங்களில் வாய் திறந்தே அறியாத, புதிதாக மணமாகி நம் சபைக்கு வந்த ஒரு தங்கை அந்தக் கேள்விக்குச் சொன்ன பதிலைக் கேட்டபின் அந்தக் குழுவில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அவர் சொன்னதை இங்கே எழுதுவது முறையல்ல; குழுவில் பேசப்படுவது குழுவை விட்டு வெளியே போகக்கூடாது என்பது நாம் முதல் நாளே எடுத்துக்கொண்ட நிபந்தனை.

ஜூன் 9ஆம் தேதி டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு முடியும்வரை பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று தெரிந்திருந்ததால், ஜூன் 15 அன்று மாற்கு சுவிசேஷத்தைத் தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்துக்கு முன் முடித்தோம். பதினாறே அதிகாரங்கள் கொண்ட, நான்கில் மிகச் சிறிய சுவிசேஷம் அது. ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு சம்பவத்தை முழுதாக எடுத்துப் பேச அதில் இடமிருக்கிறது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் யாக்கோபு நிருபத்தை வாசித்தோம். பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்து வருகிறவனுக்கு நல்ல இடமும், கந்தையோடு வருகிற தரித்திரனுக்குப் பாதபடியண்டையும் கொடுப்பதைப் பற்றிய இரண்டாம் அதிகாரத்தைப் பேசியபோது, நம் ஆலயத்தின் முன்வரிசை இருக்கைகளைப் பற்றியும் பேச்சு வந்தது. அதைக் கமிட்டியாருக்கு எதிரான பேச்சு என்று யாரோ கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறார்கள். அது யாக்கோபின் பேச்சு என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

இம்முறையில் குழுவை நடத்துகிறவர் செய்யவேண்டியது என்ன என்பதில் இன்னும் தெளிவு பிறக்கவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். குழு நடத்துவது சின்னப் பிரசங்கம் அன்று. வேதபகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் கவனிக்க வைக்கவேண்டும். அதன் பொருள் என்ன என்று அடுத்துக் கேட்கவேண்டும். நம் வீட்டிலும் வேலையிலும் அதற்கு என்ன இடம் என்பதைக் கடைசியில்தான் கேட்கவேண்டும். கல்லூரி நாட்களில் யூ.இ.எஸ்.ஐ. என்னும் கிறிஸ்தவ அமைப்பின் மாணவர் ஐக்கியங்களில் இருந்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது. 1954 முதல் அவர்கள் மாணவர் நடுவே ஊழியம் செய்து வருகிறார்கள். ஆனால் நம்மவர்களோ முதல் வசனத்தை வாசித்தவுடனே, நாம் அனைவரும் ஜெபவீரர்களாக வேண்டும் என்ற முடிவுரைக்குத் தாவிவிடுகிறார்கள்.

கேள்வி கேட்பதிலும் பக்குவம் வேண்டும். இயேசு புயலை அமர்த்தினாரா என்று கேட்டால், ஆமாம் என்ற ஒரே சொல்லோடு கூட்டம் முடிந்துவிடும். மாற்கு 4ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் எப்போது அதிகமாய்ப் பயந்தார்கள், படவு தண்ணீரால் நிரம்பியபோதா, காற்று நின்று மிகுந்த அமைதல் உண்டான பின்பா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் மிகவும் பயந்ததாக எழுதியிருப்பது அமைதல் உண்டான பின்புதான் என்பதைத் தாங்களே கண்டுபிடிக்கிறவர்களின் முகத்தைக் காண்பீர்கள். கேள்வியைக் கேட்டபின் நடத்துகிறவர் பொறுமையாக வாய்மூடி இருக்கவேண்டும். பதில் வரவில்லையே என்று பதறித் தானே பதிலையும் சொல்லிவிடுகிறவர், ஊஞ்சலில் குழந்தையை உட்காரவைத்துவிட்டுத் தானே ஏறி ஆடுகிறவரைப் போன்றவர். எல்லாக் கேள்விக்கும் முதல் ஆளாகப் பதில் சொல்லுகிற தம்பியை, மற்றவர்களும் சொல்லட்டும் என்று முகம் வாடாமல் நிறுத்தத் தெரியவேண்டும். ஆங்கில வழியில் படித்த பலருக்கு 1871இல் வெளிவந்த ஹென்றி பவரின் தமிழ் வேதாகமத் திருப்புதலை உரக்க வாசிப்பது சிரமமாக இருக்கிறது. யாரையும் கட்டாயப்படுத்தி வாசிக்கச் சொல்லக்கூடாது என்று விதித்த பிறகே அவர்களில் சிலர் தொடர்ந்து வரத் தொடங்கினார்கள்.

ஒரு முறைப்பாட்டுக்கும் இங்கே பதில் சொல்லவேண்டும். மாற்கு 16ஆம் அதிகாரத்துக்கு வந்தபோது ஒரு தம்பி, தன் கைபேசியிலுள்ள ஆங்கில வேதாகமத்தில் 9 முதல் 20 வரையுள்ள வசனங்களுக்கு அடிக்குறிப்பு இருப்பதைக் காட்டி, அது ஏன் என்று கேட்டார். நடத்திய சகோதரி, அடுத்த வாரம் விசாரித்துச் சொல்கிறேன் என்று நேர்மையாகச் சொல்லி, ஐயரவர்களிடம் கேட்டு வந்து, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் 8ஆம் வசனத்தோடு மாற்கு முடிகிறது என்பதை விளக்கினார். ஸ்திரீகள் பயந்து ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற்போனார்கள் என்று ஒரு சுவிசேஷம் முடியுமானால், அதை வாசிக்கிற நாம் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறோம் என்று அன்று நடந்த கலந்துரையாடல், நான் இச்சங்கத்தில் கேட்டவற்றுள் சிறந்தது. இதைத்தான் பெரியவர் ஒருவர், வாலிபர்கள் வேதத்தைச் சந்தேகிக்கப் பழகுகிறார்கள் என்று கமிட்டியில் சொன்னதாக அறிகிறேன். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுத் தினந்தோறும் ஆராய்ந்தார்கள், அதற்காக நற்குணசாலிகள் என்று பெயரும் பெற்றார்கள். பன்னிரண்டு வயதில் ஆண்டவரும் தேவாலயத்தில் போதகர் நடுவில் அமர்ந்து, அவர்கள் பேசுகிறதைக் கேட்கவும் அவர்களை வினாவவும் செய்தார். நம் மண்ணுக்கும் இது அந்நியமன்று. வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, ஒய்.எம்.சி.ஏ.வில் வாலிபர்களோடு ஊழியம் செய்து வந்த காலத்தில்தான், 1903இல் இதே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்நின்றார், 1912இல் பேராயரானார். அந்த ஒய்.எம்.சி.ஏ.வே 1844இல் லண்டனில், துணிக்கடையில் வேலைசெய்த வாலிபர்கள் கூடி ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் தொடங்கியதால் பிறந்தது.

குழுக்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்து அமர்வதைப் பற்றிச் சில பெற்றோர் தயக்கம் தெரிவித்தார்கள். வகுப்பு ஆலய வளாகத்தின் திறந்த வெளியில், விளக்கொளியில், எட்டு மணிக்கு முன் முடிந்துவிடுகிறது என்பதையும், பெண்பிள்ளைகள் மட்டும் கொண்ட ஒரு குழுவை ஓர் அக்கா நடத்துகிறார் என்பதையும் அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். திறந்த வெளி என்றது விருப்பத்தால் அன்று. ஞாயிறு பள்ளி அறையின் சாவி சனிக்கிழமை மாலைகளில் வேறொரு பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்டுவிடுவதால், ஆண்டு முழுவதும் வேப்பமரத்தடியில் கொசுக்களோடு அமர்ந்தே மாற்கை முடித்தோம். இதுகுறித்து எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரும் என்று இன்னும் நம்புகிறேன்.

வருகையைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. பதிவேட்டில் எழுபது பேருக்குக் குறையாமல் பெயர் இருக்கிறது. சனிக்கிழமை வகுப்பில் இருபது பேரைக் கண்டால் அது நல்ல நாள். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்களையும், மருத்துவமனைகளில் இரவுப் பணி பார்க்கும் தங்கையரையும் நான் குறை சொல்லவில்லை. செப்டம்பர் 14 அன்று குரூப் 2 தேர்வு என்பதால் அன்றைய வகுப்பையே ஒத்திவைத்தோம். ஆனால் உள்ளூரிலேயே இருந்துகொண்டு, ஆலயத்துக்கு நான்கு தெரு தள்ளி வசிக்கிற, கேரல் பவனிக்கான டி-சர்ட் அளவு கேட்ட அன்று மட்டும் பெயர் கொடுக்க ஓடிவந்த அங்கத்தினர்களை என்ன சொல்வது? அதைவிட வருத்தம் தருவது, குழு நடத்தப் பொறுப்பேற்ற சிலர் வியாழக்கிழமை ஆயத்தக் கூட்டத்துக்கு வராமல், சனிக்கிழமை வாசலில் நின்று கேள்வித்தாளை வாங்கி, அங்கேயே முதன்முறையாக வாசித்தது. ஆயத்தமின்றி நடத்தப்படும் கலந்துரையாடல், ஆயத்தமின்றிச் செய்யப்படும் பிரசங்கத்தைவிட மோசமானது; பிரசங்கியாராவது தான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிடுவார்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தணிக்கைக்குப் பின் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்திருக்கின்றன. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆண்டுச் சந்தா 200 ரூபாயை, அதாவது மாதத்துக்கு 17 ரூபாய்கூட இல்லாத தொகையை, அங்கத்தினரில் பாதிப்பேர் இன்னும் செலுத்தவில்லை. சிலருக்கு இது முந்தின ஆண்டின் பாக்கியோடு சேர்ந்தது. நினைவூட்டும் செய்தியை வாட்ஸாப்பில் வாசித்ததற்கு அடையாளமாக நீலக்குறி விழுகிறது, அவ்வளவே. கேள்வித்தாள்களுக்கான ஜெராக்ஸ் செலவு சங்கக் கணக்கில் காணப்படாததைக் கண்டு யாரும் வியக்கவேண்டாம். அதை ஓர் அங்கத்தினர் தம் சொந்தச் செலவில் பார்த்துக்கொண்டார், தம் பெயர் இவ்வறிக்கையில் வருவதை அவர் விரும்பவில்லை.

ஆலோசனை தந்த ஐயரவர்களுக்கும், வகுப்பு முடிவில் சுக்குக்காப்பி அனுப்பிவைத்த பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும், விளக்கும் பாயும் எடுத்துத் தந்த ஆலயப் பணியாளராகிய கோயில்குட்டியாருக்கும், செயற்குழுவினருக்கும், ஒலிபெருக்கி உதவிய அன்பருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் லூக்கா சுவிசேஷத்தை எடுக்கலாம் என்பது என் பரிந்துரை. 24 அதிகாரங்கள், நிதானமாகப் போனால் ஓராண்டு தாங்கும். அதற்குக் குழு நடத்துகிறவர்கள் குறைந்தது நான்கு பேர் வேண்டும். பேச்சுத் திறமை தேவையில்லை. வியாழக்கிழமைகளில் ஒரு மணி நேரம் கொடுக்கவும், அடுத்தவர் பேசும்போது கேட்கவும் மனமிருந்தால் போதும். என் பதவிக்காலம் இன்றோடு முடிகிறது. இப்பொறுப்பை ஏற்க யாரேனும் முன்வந்தால் பதிவேடுகளையும் கேள்வித்தாள்களையும் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். கடந்த பொதுக்குழுவிலும் இதையே சொன்னேன், அப்போது எல்லாரும் கைதட்டினார்களே தவிர எவரும் எழுந்து நிற்கவில்லை. குழு நடத்த விரும்புகிறவர்கள் வருகிற ஞாயிறு இரண்டாம் ஆராதனை முடிந்தபின் தங்கள் பெயரை என்னிடமோ புதிய செயலாளரிடமோ கொடுக்கும்படியும், சந்தா பாக்கி உள்ளவர்கள் அதே வேளையில் பொருளாளரையும் கண்டுகொள்ளும்படியும், இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளும்படியும் வேண்டிக்கொள்கிறேன்.

கர்த்தருடைய பணியில்,
செயலாளர்