விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு வள்ள எஞ்சின் மெக்கானிக்கின் திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் விஞ்ஞானமும் புவியியலும் படிப்பிக்கும் சேர்மார், ரீச்சர்மார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் கல்லடியில் வள்ள எஞ்சின் திருத்துபவன். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன். அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் ஆசைக்கு வாசித்தது. உங்களுக்குப் பாடம் எடுக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் மனதில் ஒரு குறை கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன தவணைப் பரீட்சையில் மகள் பூமியின் வெட்டுமுகத்தை வரைந்து, மேலிருந்து உள்ளே புவியோடு, மென்மூடி, வெளி அகணி, உள் அகணி என்று குறித்து, முழுப் புள்ளியும் வாங்கி வந்தாள். சந்தோசம்தான். "சரி மகள், அங்க ஆர் போய்ப் பாத்தது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிடங்கு தோண்டிப் பாத்திருப்பாங்க அப்பா" என்றாள்.

தோண்டியும் பார்த்தார்கள்தான். ரஷ்யாவின் கோலா குடாநாட்டில் 1970ல் துளைக்கத் தொடங்கி, ஏறக்குறைய இருபது வருடத்தில் 12,262 மீற்றர் இறங்கினார்கள். அடியில் 100 பாகை சூடு இருக்கும் என்று நினைத்துப் போனவர்களுக்கு 180 பாகை காத்திருந்தது. அதற்குமேல் துளை ஓடவில்லை. பூமியின் மையமோ 6,371 கிலோமீற்றர் ஆழத்தில். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் புறப்பட்ட பஸ், நிலையத்து வாசலைத் தாண்டுமுன்னே நின்றுபோன கதை. புவியோட்டைக்கூட அவர்கள் ஊடறுக்கவில்லை.

அப்படியென்றால் 2,890 கிலோமீற்றரில் அகணி தொடங்குகிறது, 5,150 கிலோமீற்றரில் உள் அகணி தொடங்குகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்தக் கேள்விதான் என் மகளின் கொப்பியில் இல்லை. விடை நமது ஊர்க்காரருக்குப் புதிதும் இல்லை: காது வைத்துக் கேட்டார்கள்.

எஞ்சினில் எந்த பெயரிங் தேய்ந்திருக்கிறது என்று பார்க்க நான் எஞ்சினைக் கழற்றுவதில்லை. நீளமான திருப்புளியின் முனையை அதில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பேன். கல்லடிப் பாலத்தடியில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். துடுப்பின் ஒரு நுனி தண்ணீருக்குள், மறு நுனி காதில். மீனை ஒருவரும் காண்பதில்லை, சத்தத்தைக் கேட்டே நம்புகிறோம்.

பூமிக்குள் சத்தம் போடுவது பூமியதிர்ச்சி. அதிலிருந்து இரண்டு வகை அலைகள் உள்ளே பாய்கின்றன. முந்தி வருவது பி அலை, அது பாறையை அமுக்கி அமுக்கித் தள்ளிக்கொண்டு வரும். பிந்தி வருவது எஸ் அலை, அது பக்கவாட்டில் உலுப்பும். எஸ் அலையால் திரவத்துக்குள் போக முடியாது. பாடம் முழுவதும் இந்த ஒரு வரியில் தொங்குகிறது என்பேன். இந்தியாவில் புவிச்சரிதவியல் வேலையில் இருந்த ஒல்டாம், 1897 அசாம் பூமியதிர்ச்சியின் பதிவுகளில் இந்த அலைகளைப் பிரித்துக் கண்டார். 1906ல் பூமிக்கு ஓர் அகணி இருக்கிறது என்பதற்கு அலைகளிலிருந்தே சான்று காட்டினார். அகணி திரவம் என்று இங்கிலாந்து விஞ்ஞானி ஜெப்ரிஸ் 1926ல் நிறுவினார். பூமியின் மறுபக்கத்துக்கு எஸ் அலை நேரே போய்ச் சேராததும் அதோடு பொருந்துகிறது.

இந்தக் கதையில் எனக்கு விருப்பமான ஆள் இங்கே லேமன் என்ற டென்மார்க் பெண்மணி. (பெயரிலேயே "இங்கே" இருப்பது மகளுக்குப் பெரிய சிரிப்பு.) கணினி இல்லாத காலம். ஓட்ஸ் பெட்டிகளுக்குள் அட்டைகளை அடுக்கி வைத்து, எந்தப் பூமியதிர்ச்சியின் அலை எந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று கணக்குப் பார்த்தார். 1929ல் நியூசிலாந்தில் நடந்த அதிர்ச்சியின் பி அலைகள், வரவே கூடாத இடங்களில் மெலிதாக வந்திருந்தன. மற்றவர்கள் அதற்கு வேறு காரணம் சொல்லிச் சமாளித்தார்கள். அகணிக்கு நடுவே வேறுவிதமான இன்னோர் உருண்டை இருந்தால்தான் இது சரிவரும் என்று 1936ல் அவர் எழுதினார். அது திண்மம் என்று மற்றவர்கள் பிறகு காட்டினார்கள். என் மகள் நீல நிறம் தீட்டிய உள் அகணி அதுதான்.

நிறம் என்றதும் இன்னொன்று. மென்மூடிக்குச் சிவப்பு நிறம் அடிக்க விடாதீர்கள். பிள்ளைகள் அதை நெருப்புக் குழம்பு என்றே நினைக்கிறார்கள். எஸ் அலை மென்மூடிக்குள் தாராளமாகப் போகிறது என்றால் அது திண்மம்தானே? வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் நகர்கிற, சூடான, ஆனால் திண்மமான பாறை. மகா ஓயா வெந்நீர் ஊற்றுக்குப் போகிற பஸ்ஸில், கீழே எரிமலை இருக்கிறது என்று பெரியவர்களே பிள்ளைகளுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அங்கே எரிமலை ஒன்றும் கிடையாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி மேலே வருகிறது, அவ்வளவுதான். கிலோமீற்றருக்கு 25, 30 பாகை என்று சூடு ஏறுவது உலகத்தின் பெரும்பாலான இடங்களில் உள்ளது.

இனி நான் எழுத வந்த விசயம். 2004 டிசம்பர் 26 காலை 6.59க்கு, சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடி உடைந்தது. முதல் பி அலை ஏறக்குறைய நான்கு நிமிடத்தில் இலங்கைக்கு வந்துவிட்டது. பல்லேகலையில் உள்ள பதிகருவி அதைப் பதிந்திருக்கிறது. பின்னால் வந்த மேற்பரப்பு அலைகளில் இலங்கையின் நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் ஏறி இறங்கியது. அந்த நேரம் நான் பட்டறை வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவ்வளவு ஆறுதலாக ஏறி இறங்கியதால் உடம்புக்குத் தெரியவில்லை. கடல் வந்துசேர ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் எடுத்தது. நாவலடியில் என் சொந்தக்காரர் எத்தனை பேர் போனார்கள் என்று இங்கே எழுதவில்லை. நாட்டிலேயே கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில் என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த அடியில் பூமி முழுவதும் கோயில் மணி மாதிரி அதிர்ந்தது. ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் முழு உருண்டையும் மூச்சு விடுவதுபோல் விரிந்து சுருங்கியது. சில மாதங்கள் கழித்தும் கருவிகளில் அது கேட்டுக்கொண்டிருந்தது. 1960ல் சிலி பூமியதிர்ச்சியிலும் பூமி இப்படி அதிர்ந்ததைப் பதிந்திருந்தார்கள். மணியின் ஒலியை வைத்து அது வெண்கலமா வேறேதுமா என்று சொல்வதுபோல, உள்ளே எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு இறுக்கம் என்று அந்த அதிர்வுகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். நம்மைக் கொண்டுபோன அதே அதிர்ச்சியால்தான் பூமியின் உள்ளே இவ்வளவு கேட்க முடிந்தது. இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கோபமா, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு நோகும் என்று நீங்கள் அந்த நாளைத் தவிர்ப்பது விளங்குகிறது. ஆனால் இப்போது உங்கள் வகுப்பில் இருப்பவர்கள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு அது நினைவு தினத்தில் ஏற்றும் விளக்கு மட்டும். இந்தப் பாடத்தில் அந்தக் காலை ஒரு பக்கமாவது வரட்டும். பரீட்சையில் 'பெயரிடுக' என்பதற்குக் கீழே 'இதை எப்படி அறிந்தார்கள்?' என்றும் ஒரு வரி கேளுங்கள். ஆய்வுகூடத்தில் கருவி இல்லை என்று சொல்லவேண்டாம். அதிர்வைக் கோடாகக் காட்டும் செயலிகள் கைபேசிக்கே இருக்கின்றன. மேசையில் போனை வைத்து, வகுப்பின் மறுமூலையில் ஒரு பிள்ளையைக் குதிக்கச் சொன்னால் போதும்.

அப்புறம், மீன் பாடுவதைக் கேட்கப் பிள்ளைகளைக் கூட்டிவர விருப்பமென்றால், சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் ஒரு போயா (பூரணை) இரவைப் பார்த்துச் சொல்லுங்கள். வள்ளமும் துடுப்பும் என் பொறுப்பு. எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும்.

இப்படிக்கு,
கல்லடியிலிருந்து ஒரு தகப்பன்