எல்லா அரிப்பும் பூஞ்சை அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பிறப்புறுப்பில் அரிப்பு என்றாலே பெண்கள் பலர் மருந்துக் கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்கிப் பூசுகிறார்கள். ஒரு வாரத்தில் ஆறுகிறது; இரண்டு மாதத்தில் மறுபடி வருகிறது. ஏமாறுவது இங்கேதான். உடலுறவால் தொற்றும் ஹெர்பிஸ் என்ற வைரஸால் திரும்பத் திரும்ப வரும் புண் மருந்தே இல்லாமல் பத்து நாளுக்குள் ஆறிவிடும். பெயர் களிம்புக்குப் போய்விடுகிறது.

பூஞ்சையென்றால் அரிப்பு இரு பக்கமும் பரவும், திரிந்த தயிர்போல வெள்ளை படலாம். ஹெர்பிஸ் பெரும்பாலும் ஒரு பக்கமாக, ஏறக்குறைய அதே இடத்தில் வரும். முதலில் சுரீரென்ற எரிச்சல், பிறகு கடுகளவு நீர்க்கொப்புளங்கள் கொத்தாக. சிலருக்குக் கொப்புளமே தெரியாது. நகக்கீறல்போல ஒரு வெடிப்பு மட்டும். அதைத்தான் பூஞ்சை என்று எண்ணிவிடுகிறார்கள்.

வெடிப்பு தெரிந்த ஓரிரு நாளுக்குள், எதையும் பூசாமல் போய், புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியில் எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஆறிய புண்ணில் வைரஸ் அகப்படாது. வெள்ளைப்படுதலை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குக் கொடுங்கள். ஆண்டில் மூன்று முறை பூஞ்சை உறுதியானால் 150 மி.கி. ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை ஒன்றோடு நிற்காது. வாரம் ஒன்றாக ஆறு மாதம் தேவைப்படலாம், கர்ப்பிணிகளுக்குக் கூடாது. சர்க்கரையும் பார்க்க வேண்டும்.

ஹெர்பிஸ் என்று தெரிந்ததும் கணவன் மனைவி ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டாம். அந்த வைரஸ் பல ஆண்டு ஒளிந்திருந்தும் வெளிப்படும்.