தெருச் சாலைக்குப் பங்கு கேட்கும் மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

குமரி மாவட்டத்தின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்றங்களில் எங்களுக்காக அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தெருவுக்கு அலங்காரத் தரைக்கற்களோ கான்கிரீட் தளமோ போடும்போது, செலவில் ஒரு பகுதியை அந்தத் தெருவின் வீட்டுக்காரர்களிடம் வாங்குவது நமக்குப் புதிதல்ல. 1997-98இல் தொடங்கிய ‘நமக்கு நாமே’ திட்டம் இடையில் வேறு பெயரில் நடந்து, 2021-22இல் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதியை அரசு தரும் என்பது அதன் அடிப்படை. அந்தத் திட்டத்தை எதிர்த்து இதை எழுதவில்லை. அதனால் நல்ல சாலை கண்ட தெருக்கள் பல உண்டு. என் கேள்வி அந்த மூன்றில் ஒரு பங்கைப் பற்றியது. அது தெருவுக்குள் யாரிடமிருந்து, எந்தக் கணக்கில் வர வேண்டும் என்பதை இதுவரை தெருவின் பேச்சுக்கே விட்டுவிட்டோம். அங்கேதான் அநியாயம் நடக்கிறது.

நான் குடியிருக்கும் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஊரின் பெயரையும் உறுப்பினரின் பெயரையும் வேண்டுமென்றே விடுகிறேன்; ஒருவரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. பங்குத் தொகையைக் கட்டினால் சாலை சீக்கிரம் வரும் என்றார்கள். தெருக்கூட்டம் கூடியது. வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் தெருவின் முகப்பில் இருபது சென்ட் மனையில் கார் நிற்கும் வீடும் வாடகைக்கு விட்ட கடைகளும் இருக்கின்றன. தெருவிலிருந்து பிரியும் முடுக்கின் கடைசியில், இரண்டரை சென்டில், முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மா தனியாக இருக்கிறார். புதுச்சாலை அவர் முடுக்கின் வாயிலோடு நின்றுவிட்டது. அவர் வாசலில் இன்றும் செம்மண்தான். இருவரும் ஒரே தொகையைக் கட்டினார்கள். அந்த அம்மா வட்டிக்கு வாங்கிக் கட்டினார் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதைவிடப் பெரிய அநியாயம் நடுவில் கிடந்த காலி மனைகள். வீடு இல்லாததால் அவை கணக்கிலேயே வரவில்லை. மனைக்காரர்கள் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கிறார்கள், கூட்டத்துக்கும் வரவில்லை. சாலை முடிந்ததும் முதலில் விலை ஏறியது அந்த மனைகளுக்குத்தான். முடுக்கில் இருப்பவர் கடன் வாங்கிப் போட்ட சாலையின் லாபம், ஒரு ரூபாயும் தராதவரின் சென்ட் விலையில் போய்ச் சேர்ந்தது.

சாலைச் செலவை அதன் ஓரத்து நிலக்காரர்களிடம் வாங்குவது உலகம் முழுவதும் பழைய வழக்கம். அதைப் பற்றிய சண்டையும் அதே அளவுக்குப் பழையது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்வுட் என்ற சிற்றூர், சாலை போடுவதற்காக ஒரு பெண்ணின் நிலத்தின் நடுவே ஒரு துண்டை எடுத்து, அதற்கு இழப்பீடும் கொடுத்தது. பிறகு அந்த இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் சேர்த்து, சாலையின் இருபுறமும் எஞ்சிய அவருடைய நிலத்தின் மீதே கட்டணமாகப் போட்டது. 1898இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலத்துக்குக் கிடைத்த பயனைவிடக் கணிசமாக அதிகம் வாங்கினால், அது இழப்பீடின்றிச் சொத்தைப் பறிப்பதாகும் என்றது. மூன்றே ஆண்டுகளில், கான்சஸ் நகர வழக்கு ஒன்றில், முகப்பின் நீளத்தை அளந்து செலவைப் பிரிப்பது செல்லும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அளப்பதற்கு எளிதான முறையா, பயனுக்கு ஏற்ற முறையா என்ற இழுபறி அன்று தொடங்கி இன்றுவரை தீரவில்லை.

மினசோட்டா மாநிலத்தின் சட்டம் இரண்டாவதன் பக்கம் நிற்கிறது. சாலையால் சொத்தின் சந்தை மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ, அதற்கு மேல் அந்தச் சொத்திடம் வாங்கக் கூடாது. உரிமையாளர்களுக்குத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பொது விசாரணை நடத்த வேண்டும். அறுபத்தைந்து வயதைக் கடந்து, கட்ட வழியில்லாதவர்களுக்கு அந்தத் தொகையைத் தள்ளிவைக்கும் அதிகாரமும் நகரங்களுக்கு உண்டு. ஜெர்மனியின் பவேரியா மாநிலம் 2018இல் இன்னொரு வழியில் போனது. புதிதாகச் சாலை போடும்போது ஓரத்து நிலக்காரர்களின் பங்கு தொடரும், ஏற்கெனவே இருக்கும் சாலையைச் சீரமைக்க அவர்களிடம் வாங்கும் கட்டணம் இனி கிடையாது என்று முடிவு செய்தது. கொலம்பியாவில் 1921 முதல், பொது வேலையால் பயன் பெறும் பகுதி முழுவதையும் கணக்கில் எடுத்து வாங்கும் முறை இருக்கிறது. சாலையோரத்து வீட்டோடு அங்கே கணக்கு நின்றுவிடுவதில்லை.

வெளிநாட்டுக் கதை நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். மதராஸ் மாகாணத்தின் 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே இது இருந்தது. சீரமைக்கப்படாத தனியார் தெருவைச் சீரமைக்கும்படி ஓரத்து நிலக்காரர்களுக்கு நகராட்சி அறிவிப்புக் கொடுக்கலாம். அவர்கள் செய்யாவிட்டால் நகராட்சியே செய்துவிட்டு, முகப்பு நீளத்தின்படி செலவை அவர்களிடம் வாங்கலாம். அதே சட்டம் அடுத்த படியையும் சொன்னது: அப்படிப் பணம் போட்டுச் சீரான தெருவைப் பொதுத் தெருவாக அறிவிக்கும்படி உரிமையாளர்கள் கேட்கலாம். பணம் கொடுத்தவருக்கு அதற்கு ஈடான ஓர் உரிமை இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் இன்று நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் அதன் 2023 விதிகளும் நிற்கின்றன. ஆனால் கட்டியவருக்கு என்ன உரிமை என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த ஒரு விஷயத்தை, நாம் இன்று துண்டுச் சீட்டிலும் வாய்ப்பேச்சிலும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

முகப்பு நீளக் கணக்கு நம் மாவட்டத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் விளைகள் என்று சொல்லும் பழைய தோட்ட நிலங்களைப் பாகம் பிரித்து, முன்னால் அண்ணன் வீடு, பின்னால் தம்பி வீடு, அதற்கும் பின்னால் சகோதரி வீடு என்று கட்டியிருக்கிறோம். சாலையில் முகப்பு அண்ணனுக்கு மட்டும்தான், நடப்பதோ மூவரும். எனவே முகப்பு, மனையின் பரப்பு, மனை எதற்குப் பயன்படுகிறது ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, சாலையைத் தேய்ப்பது யார் என்பதைப் பேச வேண்டும். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரும் சாலைச் சோதனை ஒன்று, வண்டியின் அச்சில் ஏறும் எடை இருமடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது என்று காட்டியது. பத்து டன் ஏற்றிய ஓர் அச்சு செய்யும் சேதத்தோடு எங்கள் இருசக்கர வாகனங்களை ஒப்பிடவே முடியாது. நம் நாட்டில் 2018இல் நான்கு சக்கரம் கொண்ட ஒற்றை அச்சுக்கான வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. கனிமம் ஏற்றிய டாரஸ் லாரிகள் கேரளம் செல்லும் வழியில் எத்தனை ஊர்ச் சாலைகளை நொறுக்குகின்றன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதல்ல. ஊடே போகும் வண்டிகள் உடைத்த சாலையைச் சீரமைக்க ஓரத்து வீட்டுக்காரரிடம் பங்கு கேட்பதில் எந்த நியாயமும் இல்லை. குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டிச் சிதைத்த தெருவுக்கும் இதுவே பொருந்தும். தோண்டியவர் கணக்கில்தான் அது சேர வேண்டும்.

சாலையால் பயனே பெறாமல் நட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பழைய தளத்தின் மேலேயே புதுத்தளத்தைப் போட்டுப் போட்டு, எத்தனையோ வீடுகள் இன்று சாலைக்குக் கீழே கிடக்கின்றன. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. சாலைத் தண்ணீர் முற்றத்துக்குள் வராமல் இருக்க வாசலில் கட்டை கட்டி, படியை உயர்த்தி, கடைசியில் தரையையே மண்ணிட்டு உயர்த்தியவர்கள் உண்டு. அந்தச் செலவும் சாலைச் செலவுதான். எந்த மதிப்பீட்டிலும் அது வருவதில்லை. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று 2021இலேயே அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதைச் செய்யாத வேலைக்குப் பங்குத் தொகை கேட்காதீர்கள்.

இவற்றோடு, நாங்கள் ஏற்கெனவே கட்டியதையும் நினைத்துப் பாருங்கள். 2022இல் சென்னைக்கு வெளியே வீடுகளுக்கான சொத்து வரி, பரப்புக்கு ஏற்ப 25 முதல் 100 சதவீதம் வரை உயர்ந்தது. 2017இன் வரன்முறைத் திட்டத்தில் அனுமதியற்ற மனைகளை ஒழுங்குபடுத்தியவர்கள் வளர்ச்சிக் கட்டணமும் கட்டியிருக்கிறார்கள். ஒரு தெருவில் அப்படி வசூலான தொகை எவ்வளவு, அதில் தெருவுக்குத் திரும்பியது எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகு புதுப் பங்கு கேட்பதுதான் முறை.

எனக்கு மிகவும் வலிப்பது இனிச் சொல்லப்போவதுதான். பணம் கட்டும் தெருவுக்கு முதலில் சாலை என்றால், கட்ட முடியாத தெருவுக்குக் கடைசியில் சாலை என்று பொருள். ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரை கடற்கரையில் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கும் குடியிருப்புகளுக்கும், மேற்கே ரப்பர் பால் வெட்டி வாழ்பவர்களின் மலையடிவாரக் குடியிருப்புகளுக்கும் மூன்றில் ஒரு பங்கு எங்கிருந்து வரும்? மீன்பிடித் தடைக்காலத்தில் அங்கே போய்ப் பங்கு கேட்க எவருக்காவது மனம் வருமா? அரசு தரும் மூன்றில் இரண்டு பங்கு எல்லோருடைய வரிப்பணம். வசதி உள்ள தெருக்கள் ஒரு பங்கைக் காட்டி அந்த இரண்டு பங்கைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள நாம் வழிசெய்துவிட்டோம். எந்தத் தெருவுக்கு முதலில் சாலை என்பதைத் தெருவின் நிலையை வைத்து முடிவு செய்யுங்கள். மழையில் ஆம்புலன்ஸ் நுழைய முடியாத தெரு முதலில் வரட்டும். பணத்தோடு காத்திருக்கும் தெரு பின்னால் வரட்டும்.

நான் கேட்பது ஒரு மன்றத் தீர்மானம். பங்குத் தொகை வாங்கும் ஒவ்வொரு தெருவிலும் மதிப்பீட்டைத் தமிழில் எழுதித் தெருவிலேயே ஒட்ட வேண்டும். ஊடே போகும் போக்குவரத்துக்கான பகுதியை முதலில் கழித்துவிட்டு, மீதியை மட்டும் பிரிக்க வேண்டும். காலி மனைகளையும் கடைகளையும் கல்யாண மண்டபங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முடுக்குக்குள் இருப்பவருக்குத் தளம் அவர் வாசல்வரை போனால்தான் பங்கு. ஒரே தவணையில் கட்ட முடியாதவர், அரையாண்டுச் சொத்து வரியோடு சிறிது சிறிதாகக் கட்டட்டும். வருமானமில்லாத முதியவர்களின் பங்கைச் சொத்து கைமாறும் நாள்வரை தள்ளிவையுங்கள். வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் உள்ளாட்சியின் ரசீது வேண்டும். தெருக்காரர் ஒருவரின் நோட்டுப் புத்தகம் போதாது.

இதைப் பேச இடமும் இருக்கிறது. 2022 முதல் நகர்ப்புறங்களில், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் கூடுகின்றன. நவம்பர் 1 உள்ளாட்சி நாள். நமக்கோ அது தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும்கூட. அன்றைய பகுதி சபையில் இந்தத் தீர்மானத்தின் வரைவை முன்வையுங்கள். எங்கள் தெருவில் யார் எவ்வளவு கட்டினார்கள், எந்த மனை கட்டவில்லை, எந்த வாசலில் தளம் நின்றது என்ற கணக்கு முழுவதையும் எழுதி வைத்திருக்கிறேன். கேட்கும் எந்த உறுப்பினரிடமும் அதைத் தருவேன். அந்த முடுக்கின் கடைசி வீட்டுக்காரருக்கு அவர் கட்டிய தொகையைத் திருப்பித் தர வழி உண்டா என்பதையும், தயவுசெய்து, எழுத்தில் பதிலாகத் தாருங்கள்.

இப்படிக்கு,
பங்கு கட்டிய ஒரு தெருவாசி
கன்னியாகுமரி மாவட்டம்